பத்து எண்ணிவிட்டு மறுபடி போடவும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மாடிப்படிக்கு அடியில் நெட்வொர்க் ரேக். அதன் கண்ணாடிக் கதவில் செல்லோடேப் போட்டு ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். ‘நெட் வரவில்லை என்றால் மேலே உள்ள கறுப்புப் பெட்டியை அணைத்து, பத்து எண்ணிவிட்டு, மறுபடி போடவும். இப்படிக்கு, நிர்வாகம்.’ ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய எழுத்து வெளிறிப்போயிருந்தது. அந்த வைத்தியம் பல மாதங்களாக நடக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது.

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்தில் நெட்வொர்க் பழுது பார்க்கும் வேலையைப் பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டிருக்கும் ஆபீஸ்கள், மில்கள், ஒன்றிரண்டு கல்லூரிகள், சின்ன ஆஸ்பத்திரிகள். ஆபீஸ் கம்ப்யூட்டர்களையெல்லாம் வயர் வழியாக இணைக்கும் பெட்டிக்கு நெட்வொர்க் சுவிட்ச் என்று பெயர். அந்தக் கறுப்புப் பெட்டியும் அதுதான். சுவிட்சில் கோளாறு என்று கூப்பிடுபவர்கள் போனில் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துட்டோங்க.” கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள். திருடன் வந்துபோன வீட்டைப் போலீஸ் வருவதற்குள் கழுவித் துடைத்துக் கோலமும் போட்டுவிட்டோம் என்று சொல்வதுபோல எனக்குக் கேட்கும்.

சுவிட்ச் தனக்கு நேர்ந்ததையெல்லாம் லாக் என்ற நாட்குறிப்பில் எழுதிவைக்கிறது. ஆனால் அந்த லாக் பெரும்பாலும் ராமில், அதாவது தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. கரண்ட் போனால் அதுவும் போச்சு. எந்தப் போர்ட் (வயர் செருகும் ஓட்டை) எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை சிஆர்சி எரர் (வழியில் சிதைந்த தரவு) சேர்ந்தது, எந்த மேக் அட்ரஸ் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) எந்தப் போர்ட்டிலிருந்து எதற்குத் தாவியது, எல்லாக் கணக்கும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பமாகும். போதாததற்குக் கடிகாரமும் குழம்பிவிடும். சிஸ்கோ கம்பெனியின் பழைய கேட்டலிஸ்ட் சுவிட்சுகளில், நெட்வொர்க் வழியே சரியான நேரம் வாங்கித் தரும் என்டிபி வைக்காமல் விட்டிருந்தால், ஒவ்வொரு முறையும் இன்று 1993 மார்ச் 1 என்று நினைத்துக்கொண்டுதான் கண் விழிக்கும். அதில் லாகை எடுத்துப் பார்த்தால், நேற்று நடந்தது போன மாதம் நடந்தது எல்லாமே 1993இல் நடந்ததாக இருக்கும்.

சரி, திருப்பூர் கதைக்கு வருகிறேன். பிரச்சினை என்னவென்று கேட்டபோது அக்கவுண்ட்ஸ் பெண் சொன்னதுதான் முதல் துப்பு. “பாதிப் பேத்துக்கு வருது, பாதிப் பேத்துக்கு வரலைங்க.” எந்தப் பாதி? அதுவரை யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. நெட் வராத கம்ப்யூட்டர்களில் ஐபி முகவரி எல்லாமே 169.254 என்று ஆரம்பித்திருக்கும் என்பது என் யூகம். கம்ப்யூட்டர்களுக்கு ஐபி முகவரி பிரித்துக் கொடுக்கும் டிஹெச்சிபியிடம் முகவரி கேட்டுப் பதில் வராதபோது விண்டோஸ் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் முகவரி அது. ஆனால் நான் போன நேரத்தில் வாட்ச்மேன் அண்ணன் வைத்தியம் செய்து முடித்திருந்தார். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. லாகில் ஒன்றுமில்லை.

“அண்ணா, அடுத்த தடவை இதைத் தொடவே கூடாது. எனக்கு ஒரு போன் மட்டும் போடுங்க.”

“ஏனுங் தம்பி, நீங்க கோயமுத்தூர்ல இருந்து வர்றதுக்குள்ள மொதலாளி என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாருங்.”

நியாயமான பயம். முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கினேன். பதினோராவது நாள் போன் வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன்.

ஏற்கெனவே ஆனில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் வேலை செய்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புதிதாக ஆன் செய்தவை எதற்கும் முகவரி கிடைக்கவில்லை. சுவிட்சைப் பிங் செய்து, ‘இருக்கிறாயா’ என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் அதே சுவிட்ச் வழியாகத்தான் பிரிண்டருக்குப் பில் போய்க்கொண்டிருந்தது. செத்துப்போன பெட்டி எப்படி வேலை செய்யும்?

கல்யாண மண்டபப் பந்தியை நினைத்துப் பாருங்கள். பரிமாறும் ஆட்கள் தங்கள் பாட்டுக்குப் பரிமாறிக்கொண்டே இருப்பார்கள். மேனேஜர் ஸ்டோர் ரூமில் மயங்கி விழுந்திருந்தாலும் உட்கார்ந்தவர்களுக்குச் சாம்பார் வந்துகொண்டுதான் இருக்கும். புதிதாக ஒரு வரிசைக்கு இலை எடுக்க வேண்டும், சாவி மேனேஜரிடம் என்கிறபோதுதான் விஷயம் வெளியே வரும். சுவிட்சுக்குள்ளும் இரண்டு தரப்பு உண்டு. ஒரு போர்ட்டில் வந்ததை இன்னொரு போர்ட்டுக்குத் தள்ளுவது ஏசிக் என்கிற தனிச் சிப்பின் வேலை. டிஹெச்சிபி, வெப் பக்கம், பிங்குக்குப் பதில், கண்காணிப்பு எல்லாம் சின்னதாக ஒரு சிபியுவின் வேலை. இங்கே சுவிட்சேதான் டிஹெச்சிபி சர்வராகவும் இருந்தது. மயங்கியது மேனேஜர்.

கன்சோல் கேபிளைச் செருகினேன். நெட்வொர்க் வழியாக உள்ளே போக முடியாதபோது இந்த வெளிர்நீலத் தட்டைக் கேபிள்தான் தெய்வம். விநாடிக்கு 9600 பிட் வேகம், அதுவும் என்டர் தட்டினால் நாற்பது விநாடி கழித்து ஒரு வரி. மெமரி கிட்டத்தட்ட தீர்ந்துபோயிருந்தது. அதை விழுங்கிக்கொண்டிருந்தது, கண்காணிப்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் எஸ்என்எம்பி ப்ராசஸ். திரையில் வந்ததையெல்லாம் ஒரு ஃபைலில் சேமித்தேன். அதற்குப் பிறகு, அந்தத் தாளில் சொல்லியிருந்தபடியே அணைத்து, பத்து எண்ணிவிட்டுப் போட்டேன்.

அந்தக் கம்பெனியில் யாரோ ஒரு புண்ணியவான் கண்காணிப்பு மென்பொருள் நிறுவி, நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு போர்ட்டையும் விசாரிக்கும்படி வைத்திருந்தார். ஒவ்வொரு விசாரணைக்கும் சுவிட்ச் கொஞ்சம் மெமரியை எடுத்தது, திருப்பித் தரவில்லை. உறுதி செய்துகொள்ள இரண்டு வாரம் அந்த மென்பொருளை நிறுத்தினேன். மெமரி அசையவில்லை. மறுபடி ஓடவிட்டேன், படிப்படியாக இறங்கியது. அதே மாடலின் புதிய ஃபர்ம்வேருக்கான (சுவிட்சுக்குள் ஓடும் மென்பொருள்) ரிலீஸ் நோட்ஸில் ‘சரிசெய்யப்பட்டவை’ என்ற பட்டியலில் ஒரு வரியாக இந்தக் கோளாறு இருந்தது. ரிலீஸ் நோட்ஸை யாரும் படிப்பதில்லை. நானும் வேறு வழியில்லாதபோதுதான் படிக்கிறேன்.

ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் நோயை மறைத்ததே தவிர, யாருக்கும் அதனால் சேதமில்லை. எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமாகத் தப்பிக்க முடியாது. அடுத்த கதையில் குற்றவாளி நான்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. யூபிஎஸ் மாற்ற வேண்டியிருந்தது. சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு, பத்து நிமிட வேலை என்று சொல்லி நடு சுவிட்சை அணைத்தேன். கண்காணிப்புத் திரை அந்த சுவிட்ச் 140 நாளாக ஓடுகிறது என்று காட்டியது. போன கோடையில்கூட ஒரு முறை அணைந்து எழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அந்த எண் பொய். எஸ்என்எம்பியில் அந்தக் கணக்கு விநாடியின் நூறில் ஒரு பங்காக, 32 பிட்டில் எண்ணப்படுகிறது. 497 நாள் ஆனதும் கிலோமீட்டர் மீட்டர்போலச் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். சுவிட்சிலேயே கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். மூன்று வருடத்துக்கு மேல் அது கண் மூடவே இல்லை.

புது யூபிஎஸ் வந்தது, சுவிட்சைப் போட்டேன். ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. ‘டிக்... டிக்... டிக்’ என்று உள்ளிருந்து ஒரு சத்தம். ஒரு விளக்கும் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், பவர் சப்ளை எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் விழுந்து, மறுபடி எழப் பார்க்கிறது.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. வெப்பத்தில் அது வருடக்கணக்கில் மெல்ல வற்றும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுக்காரர்களின் பழைய கணக்கு. நம் ஊர் ரேக்குகள் எங்கே இருக்கும்? லிஃப்ட் பக்கத்தில், ஜன்னல் இல்லாத அறையில், கதவைப் பூட்டி, மேலே பழைய கேஸ் ஃபைல்களை அடுக்கி. வற்றிய கெப்பாசிட்டர் சூடாக ஓடிக்கொண்டிருக்கும் வரை எப்படியோ சமாளித்துவிடும். அணைத்து ஆறவிட்டால் அதன் உள்தடை கூடிவிடும். திரும்ப எழுவதற்கு வேண்டிய தெம்பு இருக்காது. ஓடுகிற வரை ஓடும் கிழட்டு லாரியை மேட்டில் நிறுத்தி இன்ஜினை அணைத்தவன் நான்.

எல்லாப் பழியும் வெயிலின் மேல் மட்டும் இல்லை. 2000களின் ஆரம்பத்தில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்க மதர்போர்டுகளைக் கொன்ற கதை பலருக்கு நினைவிருக்கும். 2017 பிப்ரவரியில் சிஸ்கோவே ஓர் அறிவிப்பு விட்டது. அதன் சில தயாரிப்புகளில், நெக்சஸ் 9000 வரிசை சுவிட்சுகள் சில உட்பட, கடிகாரத் துடிப்பு தரும் ஒரு பாகம் 18 மாதத்துக்குப் பிறகு செயலிழக்கத் தொடங்கலாம், போனால் பெட்டி பூட் ஆகாது, மீட்கவும் முடியாது என்று சொன்னது.

அன்று இரவு வண்டியில் கிடந்த சாதாரண 24 போர்ட் சுவிட்சைப் போட்டு ஒப்பேற்றினேன். ஒரே சுவிட்சுக்குள் துறைவாரியாகப் பிரித்து வைத்திருந்த தனித்தனி நெட்வொர்க்குகள், அதாவது விலான்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து, ரிசப்ஷன், பார்மசி, லேப் எல்லாம் ஒரே தெருவில் குடிவந்தன. விடியும்வரை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை செத்த பெட்டியைக் காந்திபுரத்தில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைக் கழற்றி, தன் மகளுடைய ஹேர் டிரையரை எடுத்துக் கெப்பாசிட்டர்கள் மேல் இரண்டு நிமிடம் காட்டினார். அப்புறம் கரண்ட் ஸ்விட்சைத் தட்டினார். விளக்குகள் எரிந்தன! “பாத்தீங்களா, குளிர்ல எந்திரிக்க மாட்டேங்குது. வயசாயிருச்சு” என்றார். 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர் மூன்று மாற்றிக் கொடுத்தார். பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் பாகங்களுக்கு ஆனது டீச்செலவு. (இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் பவர் சப்ளையைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முன்பக்கக் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். பெரியவர் முதலில் அதைத்தான் இறக்கினார்.)

கதை முடிந்தது என்று நினைத்து சுவிட்சை மறுபடி ரேக்கில் ஏற்றினால், பார்மசி விலானையே காணோம். எக்ஸ்ரே கம்ப்யூட்டர் இருந்த போர்ட் வேறு எங்கோ போய்ச் சேர்ந்திருந்தது. எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த பையன் இரண்டு வருடத்துக்கு முன்பு செய்த மாற்றங்கள் எல்லாம் ராமில் ஓடிக்கொண்டிருந்த கான்ஃபிகரேஷனில் (அமைப்புகளின் பட்டியல்) மட்டும் இருந்திருக்கின்றன. அதை நிரந்தரமாகச் சேமிக்கும் ‘ரைட் மெமரி’ கட்டளையை அடிக்கவில்லை. கடையில் பெட்டி உயிர்பெற்ற அந்த நொடியே அது இரண்டு வருடம் பின்னால் போயிருந்தது. பையன் அதற்குள் துபாய் போயிருந்தான். போனில் கூப்பிட்டேன்.

“அண்ணா, அப்ப நான் சேவ் பண்ணலையா?” என்றான், உண்மையான ஆச்சரியத்தோடு.

அன்றிலிருந்து எந்த சுவிட்சையும் அணைப்பதற்கு முன் ஓடும் கான்ஃபிகரேஷனை லேப்டாப்பில் எடுத்துவைக்காமல் கை வைப்பதில்லை. மாற்று பவர் சப்ளை கையில் இல்லாமல் பழைய பெட்டியை அணைப்பதும் இல்லை. யூபிஎஸ்காரர் காத்திருக்கட்டும்.

ரீஸ்டார்ட் தொடவே முடியாத கோளாறும் உண்டு. பல்லடம் பக்கம் ஒரு மில் ஆபீஸில் தினமும் மாலை ஆறு மணி வாக்கில் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும். அவர்கள் எல்லா சுவிட்சையும் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். எழுந்த ஒரு நிமிடத்தில் மறுபடி படுத்துவிடும். காலை ஒன்பதரைக்கு யாரும் எதுவும் செய்யாமலே சரியாகிவிடும். பேய் என்று சொல்லாத குறை. சுவிட்ச் பழசு என்று முடிவுகட்டிப் புதுசும் வாங்கிவிட்டார்கள். புதுசும் ஆறு மணிக்குப் படுத்தது.

ஐந்தரைக்கே போய் ரேக் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சாதாரணமாக சுவிட்ச் விளக்குகள் தனித்தனி தாளத்தில் மினுக்கும். ஐந்து ஐம்பதுக்கு எல்லா விளக்கும் ஒரே சமயத்தில், தீபாவளி சீரியல் செட்போல, அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. கன்சோலில் ஒரே செய்தி மழையாகக் கொட்டியது: ஒரே மேக் அட்ரஸ் பதினோராம் போர்ட்டிலும் பன்னிரண்டாம் போர்ட்டிலும் மாறி மாறித் தெரிகிறது. லூப். எங்கோ வயர் வட்டமாகச் சுற்றி சுவிட்சுக்கே திரும்பி வருகிறது.

பதினொன்றிலிருந்து போன வயரைப் பிடித்துக்கொண்டே மாடிக்குப் போனேன். ஒரு மார்க்கெட்டிங் அதிகாரியின் மேஜை. நெட்வொர்க் வயரில் ஓடும் ஐபி போனில் இரண்டு ஓட்டை இருக்கும்: ஒன்று சுவரிலிருந்து வருவது, இன்னொன்று லேப்டாப்புக்குப் போவது. அவர் வீட்டுக்குக் கிளம்பும்போது லேப்டாப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு, தனியாகத் தொங்கிய வயரைப் பக்கத்துச் சுவர் பாக்ஸில் ஒழுங்காகச் செருகிவிட்டுப் போகிறார். போனின் இரண்டு ஓட்டையும் சுவிட்சுக்கே போய்ச் சேர்ந்து வட்டம் முடிகிறது. “வயர் தரையில கெடந்தா கூட்டற அம்மா காலு தட்டுமுங்க” என்றார் மறுநாள். நல்ல மனுஷர். அவருடைய சுத்தத்தால் மில்லுக்கு ஒரு புது சுவிட்ச் செலவு.

இந்த வயர்களில் ஓடும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு (ஒரு சின்னத் தரவுப் பொட்டலம்) ஆயுள் எண் கிடையாது. ஐபி பாக்கெட் ஒவ்வொரு ரவுட்டரிலும் ஓர் எண் குறைந்து, கடைசியில் செத்துப்போகும். ஈதர்நெட்டில் அப்படி இல்லை. வட்டத்துக்குள் புகுந்த ஒரே ஒரு பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் செய்தி) சுற்றிக்கொண்டே, ஒவ்வொரு சுற்றிலும் எல்லாப் போர்ட்டுக்கும் தன் நகலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்கத்தான் டிஇசி என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் 1985இல், லூப்பைக் கண்டுபிடித்து ஒரு வழியை மூடிவிடும் ஸ்பேனிங் ட்ரீயை வடிவமைத்தார். அப்போது சுவிட்ச் என்ற பொருளே சந்தையில் இல்லை, அதன் முன்னோடியான பிரிட்ஜ்தான். பல போர்ட் கொண்ட முதல் ஈதர்நெட் சுவிட்ச் 1990இல் வந்தது, ஏழு போர்ட். செய்த கம்பெனியின் பெயர் கல்பனா. நிறுவியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரை வைத்தார். 1994இல் சிஸ்கோ அதை வாங்கியது. இதைச் சொன்னால் கல்லூரிப் பையன்கள் நம்புவதில்லை.

அப்படியானால் மில்லில் ஸ்பேனிங் ட்ரீ என்ன செய்துகொண்டிருந்தது? வாயைக் கட்டிப்போட்டிருந்தார்கள். போர்ட்டுகள் சீக்கிரம் எழ வேண்டும் என்று யாரோ இணையத்திலிருந்து நாலு வரியை அப்படியே ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு வரி பிபிடியு ஃபில்டர். லூப் இருக்கிறதா என்று சுவிட்ச் குரல் கொடுத்துப் பார்ப்பதே அந்த பிபிடியுவால்தான். குரலும் கொடுக்காதே, கேட்கவும் கேட்காதே என்று அந்த வரி சொல்லிவிட்டது. பழைய சுவிட்சிலிருந்து அதே கான்ஃபிகரேஷனைப் புதுசுக்கும் ஏற்றியதால் வியாதியும் கூடவே குடிபெயர்ந்தது. ஃபில்டரை எடுத்துவிட்டு பிபிடியு கார்டு (காவல்) போட்டேன். இப்போது அவர் வயரைச் செருகினால் அந்தப் போர்ட் மட்டும் தானே அணையும்.

இந்த விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள்தான் அசட்டையாக இருக்கிறார்கள் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்ற பெரிய மருத்துவமனையின் நெட்வொர்க் நான்கு நாள் போலப் படுத்துக்கிடந்தது. டாக்டர்கள் பேப்பரில் மருந்து எழுதினார்கள். தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுப்போட்டு வளர்ந்த நெட்வொர்க், ஸ்பேனிங் ட்ரீ தாங்கும் எல்லையைத் தாண்டியிருந்தது. ஓர் ஆராய்ச்சியாளர் ஏற்றிய பெரிய தரவுச் சுமையில் அது நொறுங்கியது. அங்கே தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜான் ஹலாம்கா அதை மூடிமறைக்காமல் வெளியே பேசினார். அதனால்தான் பல்லடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கும் அது தெரிகிறது.

எனக்குப் பிடித்த ரீஸ்டார்ட் கதை ஒன்று சிஸ்கோவே வெளியிட்டது. 48 போர்ட் கேட்டலிஸ்ட் 3650, 3850 சுவிட்சுகளில் முதல் போர்ட்டுக்கு நேர் மேலே மோட் பட்டன். கொக்கி உடையாமல் இருக்க ரப்பர் மூடி போட்ட சிலவகை கேபிளை அங்கே செருகினால், அந்த மூடி பட்டனை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சுவிட்ச் தானாக ரீசெட் ஆகிவிடும். ஹார்ட்வேரா சாப்ட்வேரா என்று கேட்டால் என்ன சொல்வது? ரப்பர்.

திருப்பூர் தாளை நான் கிழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டினேன். அணைப்பதற்கு முன் விளக்குகளை அரை நிமிடம் வீடியோ எடுத்து இந்த எண்ணுக்கு அனுப்பவும், எந்தக் கம்ப்யூட்டருக்கு வருகிறது, எதற்கு வரவில்லை என்று ஒரு வரி எழுதவும் என்று. வாட்ச்மேன் அண்ணனுக்கு மகன் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று கொடுத்திருக்கிறான். முதலில் பிடிக்காத வேலைதான். இப்போது பிரச்சினை இல்லாத நாளிலும் வீடியோ வருகிறது.

போன மாதம் ஒரு நாள் கூப்பிட்டார். “தம்பி, அணைக்கலீங்க. ஏழாம் நம்பர் மட்டும் ஆரஞ்சா எரியுதுங், மத்ததெல்லாம் பச்சை. டிசைன் ரூம் பொண்ணு ஃபைலு மெதுவாப் போவுதுங்குது.”

அந்த மாடலில் பச்சை என்றால் விநாடிக்கு ஒரு ஜிகாபிட், ஆரஞ்சு என்றால் 100 மெகாபிட். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பி. ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100க்கு இரண்டே போதும். மற்ற ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு அறுந்துவிடாது, வேகம் மட்டும் பத்தில் ஒன்றாக இறங்கி ஓடும். சுவிட்சை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

“அண்ணா, அந்த வயர் சீலிங்குல ஏறுற எடத்துல டார்ச் அடிச்சுப் பாருங்க.”

ஐந்து நிமிடம் கழித்து வீடியோ வந்தது. படம் ஆடிக்கொண்டே ஃபால்ஸ் சீலிங் ஓட்டைக்குள் போகிறது. நீல வயரின் தோல் உரிந்து, உள்ளே செம்பு மின்னுகிறது. பின்னணியில் அவர் குரல் மட்டும்: “எலிங்க தம்பி. இதுக்குப் பத்து எண்ணுனா ஆவாதுங்.”